எங்கள் வீட்டில் மட்டும் கொதித்த தண்ணீர்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கீழ் வீட்டுக்குப் போய் ஒருவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பதினெட்டுப் படி இறங்கினால் அவர் வீட்டு வாசல். இறங்கப் பயமாக இருக்கிறது. ஆகவே மேசை முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரை. நாளை பதினொரு மணிக்குள் நான் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என் அக்கா ஒரு விசாரணைக் குழுவின் முன்னால் சொல்லிவிடுவாள். அங்கே சொன்னது இங்கே வந்து சேர அரை நாள் போதும்.

என் பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை பாதிதான். பள்ளிக்கூடங்களுக்கு நன்னெறிப் பாடநூல் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை, பதினாறு வருடமாக. கண்டெடுத்த கைக்கடிகாரத்தை உரியவரிடம் ஒப்படைத்த சிறுமி, ஜன்னல் கண்ணாடியை உடைத்தது நான்தான் என்று வகுப்பில் எழுந்து நின்ற மாணவன், எல்லாரும் நான் பெற்ற பிள்ளைகள். பொது வாழ்வில் நேர்மை என்று ஒரு பாடம், தனி வாழ்வில் நேர்மை என்று ஒரு பாடம், இரண்டுக்கும் நடுவில் ஒரு படம். என் பாடங்களில் யாரும் அரைப் பக்கத்துக்கு மேல் பயந்ததில்லை. இடம் இருக்காது.

இங்கே இடம் இருக்கிறது.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"ஓர் ஊரில் ஒரு குடிநீர்த் தொட்டி இருந்தது." அடித்துவிட்டேன். பழியைத் தொட்டியின் தலையில் கட்டும் வாக்கியம்.

"அதிகாரிகளின் அலட்சியம் காரணமாக" என்று ஆரம்பித்தேன். அது உண்மைதான். ஆனால் உண்மையான வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு ஆள் ஒளிந்துகொள்ள இடம் உண்டு என்று தெரிந்ததும் அதையும் விட்டுவிட்டேன்.

"ஒரு செவ்வாய்க்கிழமை மாலை என் அக்கா வந்தாள்." இது நிற்கிறது. இதிலிருந்தே போவோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை என் அக்கா வந்தாள். ஒரு மாதம் ஆகப்போகிறது. அவள் நகரக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு பகுதிக் குழாயிலிருந்தும் புட்டியில் தண்ணீர் வரும். அதில் கிருமி இருக்கிறதா, குளோரின் போதுமா என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அங்கே அவளுக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். ஆபீஸ் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாள். தவறிப் பையில் வந்துவிட்டால் மறுநாள் காலை முதல் வேலையாக அதை மேசையில் வைத்துவிட்டுத்தான் கைப்பையைக் கழற்றுவாள்.

என் மனைவி பழக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா வாங்கினாள். டம்ளருக்குள் பார்த்தாள். குடிக்காமல் கீழே வைத்தாள்.

"கதவைச் சாத்துடா."

சாத்தினேன்.

"இனிமே தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்க. பல் தேய்க்க, காய் கழுவ, எல்லாத்துக்கும். ஆவி வந்துடுச்சுன்னு உடனே இறக்கிடாதீங்க, நல்லாக் கொதிக்கணும்."

"என்னக்கா ஆச்சு?"

"உங்க ஏரியாத் தொட்டித் தண்ணியில சாக்கடை கலந்திருக்கு. காலையில ரிசல்ட் பாத்தேன்."

"அறிவிப்பு குடுக்க மாட்டாங்களா?"

"ரெண்டாவது மாதிரி எடுத்து உறுதி பண்ணாம வாயத் திறக்கக்கூடாது. அதான் விதி. மேலதிகாரிகிட்ட உடனே கொண்டுபோய்க் குடுத்தேன். 'பீதியைக் கிளப்பாதீங்கம்மா'ன்னாரு. வாங்கி டிராயர்ல வெச்சுட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "போன மாசம் அந்தத் தொட்டியச் சுத்தம் பண்ணியாச்சுன்னு கையெழுத்துப் போட்டவரே அவர்தான்."

எழுந்தாள். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொன்னேன்னு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது. இத்தனை வருஷத்துல ஒரு ரிசல்ட்ட நான் வாசல் தாண்டி எடுத்துட்டு வந்ததில்ல. உன் பொண்ணு முகம் கண்ணுல வந்துச்சு, அதான் வந்துட்டேன்."

(இந்த இடத்தில் அக்காவின் பாத்திரம் எனக்குத் தகராறு செய்கிறது. அவளை நல்லவளாக எழுதினால் கீழ் வீட்டுக்காரர் சிரிப்பார். கெட்டவளாக எழுதக் கை வரவில்லை. இருபத்திரண்டு வருடம் வளையாத ஒருத்தி வளைந்தாள், அதுவும் எங்கள் பக்கம் மட்டும் வளைந்தாள். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. மேலே போகிறேன்.)

3

வீட்டில் இருந்ததிலேயே பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினோம். குமிழ் வந்த பிறகும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். எதையும் நேராகப் பார்த்துப் பழக்கம். தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏங்க, கீழ் வீட்டுக்குச் சொல்ல வேண்டாமா?"

"அக்கா வேலை போயிடும்."

"அக்கா பேரைச் சொல்ல வேண்டாம். சும்மா கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு சொல்லலாமே?"

"ஏன்னு கேப்பாரு. அவருக்குச் சொன்னா பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும். எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரே நாள்ல கண்டுபிடிச்சுடுவாங்க."

"அப்ப கொதிச்ச தண்ணிய ஒரு குடம் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்."

"என்ன சொல்லிக் குடுப்ப?"

அவளுக்குப் பொய் வராது. என் பாடங்களைப் படித்ததால் வந்த குணம் என்று சொல்ல ஆசைதான். அவள் அவற்றைப் படித்ததே இல்லை. குடத்தைத் திரும்ப வைத்தாள். வைத்த சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

கீழ் வீட்டில் இருப்பவர் பஸ் ஓட்டுநர். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஏழு வயதில் ஒரு மகள். முன்பல் இரண்டும் விழுந்து, விழுந்த இடத்தில் காற்று புகுந்து புறப்படப் பேசுவாள். நாங்கள் அவளை வாயாடி என்போம், அவர் பாப்பா என்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். என் மகளின் மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஆறரைக்கு அப்பா வேலை முடிந்து வந்ததும் கீழே போவாள். இரண்டு வருடமாக இதுதான் வழக்கம். யாரும் கேட்டு ஏற்பட்டதில்லை, அப்படியே ஆகிவிட்டது.

புதன்கிழமை வந்தாள். தாகம் என்றாள். மனைவி வெதுவெதுப்பாக இருந்த தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, உங்க வீட்டுத் தண்ணிக்குக் காய்ச்சலா?"

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் கடைசிவரை சிரித்தேன்.

தினம் இரண்டரை மணி நேரம் அவள் எங்கள் தண்ணீரைக் குடித்தாள். மிச்ச நேரமெல்லாம் அவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர்.

4

இனி வருவது மாடிப்படி. இதை இதற்கு முன் இரண்டு விதமாக எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் காட்டுகிறேன், நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் வடிவத்தில் ஓட்டுநர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காதவரிடம் சொல்லாமல் விட்டது குற்றம்தான், ஆனாலும் சிறிய குற்றம். அந்த வடிவத்துக்குள் ஒரு வாரம் குடியிருந்தேன்.

இரண்டாவது வடிவத்தில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "உண்மையில என்னன்னா" என்று ஆரம்பிக்கும்போது அவருக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார். அவர் ஓடிய பிறகும் நான் படியில் நின்று வருந்துவதாக எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. வியாழக்கிழமை காலை. அவர் சீருடைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் சாப்பாட்டுப் பையோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் இறங்கி வந்தேன்.

"என்ன சார், தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிக்கிறீங்களாமே? பாப்பா சொன்னா."

"ஆமா."

"உங்க அக்கா அந்த ஆபீஸ்லதான வேலை பாக்கறாங்க? ஏதாவது இருந்தா சொல்லுங்க சார். நாங்களும் கொதிக்க வெச்சுக்கறோம். எனக்கு என்ன தெரியும், பொம்பளை இல்லாத வீடு."

சந்தேகமோ குற்றச்சாட்டோ அதில் இல்லை. கதவு, பூட்டு, சாவி எல்லாவற்றையும் சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் திருப்பினால் போதும்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல. எனக்குத் தொண்டை கொஞ்சம் சரியில்ல, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு இருமினேன். யாரும் இருமச் சொல்லவில்லை.

"உடம்பப் பாத்துக்குங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வாயாடி வந்தபோது உள்ளங்கையில் ஒரு சின்னப் பொட்டலம். "அப்பா குடுத்தாரு. உங்க தொண்டைக்கு." பிரித்தால் நாலு தொண்டை மாத்திரை. "இப்பவே ஒண்ணு சாப்பிடணுமாம். நான் பாத்துட்டு வந்து சொல்லணுமாம்."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். அது கரைய எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு இப்போது துல்லியமாகத் தெரியும்.*

* மனைவி அடுக்களை வாசலில் நின்று இதைப் பார்த்தாள். அன்று இரவு மிச்ச மூன்று மாத்திரையையும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

5

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. தட்டியது ஓட்டுநர். தோளில் மகள். ராத்திரி முழுக்க வாந்தி, வயிற்றுப்போக்கு, இப்போது கண் செருகுகிறது என்றார். அவளை வாங்கினேன். ஒரே ராத்திரியில் யாராவது இவ்வளவு எடை குறைய முடியுமா என்று நினைத்தேன். எடையைவிட என்னைப் பயமுறுத்தியது அவள் பேசாமல் இருந்தது.

தெருவுக்கு வந்து வண்டி பிடித்தோம். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்போது எதிரில் ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று மெதுவாக வந்தது.

"பொதுமக்கள் கவனத்துக்கு. குடிநீரைக் கொதிக்க வைத்துப் பருகவும். பொதுமக்கள் கவனத்துக்கு."

ஓட்டுநர் அந்த வேனைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை என்பதை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்! பார்க்கத் தோன்றவில்லையா, பார்க்க வேண்டாம் என்று இருந்தாரா?

சிறுநீரகம் பாதித்திருக்கிறது என்றார் டாக்டர். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிறகு எட்டு நாள் பொதுப் பிரிவு. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் முப்பத்தொரு பேருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சாவு இல்லை. இந்த வாக்கியத்தை எழுதியதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. உடனே அந்த நிம்மதியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர்கூட இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

6

பயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் இதுவரை பேய், இருட்டு, பரீட்சை என்று எழுதியிருப்பேன். நன்றிக்குப் பயப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது.

பதினொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் வேலைக்குப் போன நேரத்தில் கட்டிலருகே நான் உட்கார்ந்தேன். வராந்தாவில் அவர் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம், "இவர் எங்க மேல் வீட்டு சார். கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்," என்று அறிமுகப்படுத்துவார். நான் கும்பிடுவேன்.

ஒரு நாள் அவர் சாதாரணமாகச் சொன்னார்: "நல்லவேளை சார், உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அந்த வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் போட்டுப் பார்த்தேன். 'நல்லவேளை' என்று மனசாரச் சொன்னாரா? 'உங்க வீட்ல' என்பதில் அழுத்தம் இருந்ததா? பிழை திருத்துகிற கண்ணுக்கு எந்த வாக்கியமும் சும்மா இருப்பதில்லை.

பாடநூல் எழுதுவதால் என்னை வாத்தியார் என்றே அழைக்கும் தெருமுனைப் பால்கடைக்காரர் வெளிப்படையாகவே கேட்டார். "எப்படிங்க உங்க வீடு மட்டும் தப்புச்சு? கிருமிக்குக்கூட வாத்தியார் வீடுன்னா பயம்போல!" கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பால் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

படியில் காலடிச் சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவேன். ஓட்டுநரின் நடை எனக்குப் பழக்கம்: பிரேக்கை மிதித்து மிதித்து வலது கால் கொஞ்சம் அழுந்தும். அந்த அழுத்தம் கீழ் வாசலோடு நின்றுவிட்டால் மூச்சு வரும். மேலே ஏறி வந்தால், 'தெரிந்துவிட்டது' என்று நினைப்பேன். கதவைத் திறந்தால் பாப்பாவுக்குத் துணையாக இருந்ததற்கு நன்றி சொல்ல வந்திருப்பார்.

இன்னொரு பயம் இதைவிட மோசம். அந்த வியாழக்கிழமை படியில் கேட்ட கேள்வியை அவர் மறுபடி ஒரு தடவைகூட எடுக்கவில்லை. மறந்துவிட்டாரா? அல்லது எனக்கு அவகாசம் கொடுத்துக்கொண்டிருக்கிறாரா?

7

நேற்று அக்கா வந்தாள். இளைத்திருந்தாள். இந்த முறை கதவை அவளே சாத்தினாள்.

"திங்கட்கிழமை விசாரணை. பரிசோதனை முடிவு லேட்டா வந்துச்சுன்னு மேலதிகாரி எழுதிக் குடுத்திருக்காரு. என்கிட்டத் தேதி போட்ட நகல் இருக்கு. அத வெச்சா அவர் மாட்டுவாரு."

"நல்லதாப் போச்சுக்கா."

"நகலக் காட்டினதும் அடுத்த கேள்வி வரும். முடிவு தெரிஞ்சதும் வெளிய யாருக்காவது சொன்னீங்களான்னு."

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

"இல்லைன்னு சொல்லிடு."

அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் என் கையைப் பிடித்துத் தெருவைக் கடத்திவிடும்போது இரண்டு பக்கமும் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை.

"நீயாடா சொல்ற?"

"யாருக்குக்கா தெரியப் போகுது? நானும் சொல்ல மாட்டேன், இவளும் சொல்ல மாட்டா," என்று மனைவியைக் காட்டினேன்.

"நீ எழுதின அஞ்சாங்கிளாஸ் புத்தகத்த என் பையன் மனப்பாடமா ஒப்பிச்சான். எங்க தாய்மாமன் எழுதினதுன்னு ஊரெல்லாம் சொன்னான்."

"அது பாடம்கா."

"அப்ப இது என்ன?"

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"விதிய மீறினது தப்பான்னு கேட்டா இப்பவும் எனக்குத் தெரியல. பாதி மீறினேன் பாரு, அதான் தின்னுது. மீறினா தெருவுக்கே சொல்லியிருக்கணும். இல்லைன்னா உனக்கும் சொல்லாம இருந்திருக்கணும். என் ரத்தத்துக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்னு நடந்துட்டேன். அந்தாளு தன் கையெழுத்தக் காப்பாத்திக்கிட்டாரு, நான் என் தம்பியக் காப்பாத்திக்கிட்டேன். தூரத்துல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான்டா தெரியும்."

"வேலை போயிடும்."

"போகும்."

"அவருக்குத் தெரிஞ்சா நான் இந்தத் தெருவுல எப்படிக்கா நடப்பேன்?"

என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அந்தப் புள்ள இப்ப சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நடக்குது. அதப் பத்தி யாராவது பேசுங்க."

அக்கா எழுந்தாள்.

"பதினொரு மணிக்கு என்னக் கூப்பிடுவாங்க. அதுக்கு முன்னாடி அவருக்கு உன் வாயால தெரியணும். மூணாம் மனுசன் சொல்லிக் கேட்டா அவருக்கு அது ரெண்டாவது அடி. முதல் அடியத் தடுக்கல. இதையாவது தடு."

8

மணி இப்போது பன்னிரண்டே கால். இன்னும் இறங்கவில்லை. முடிவுகளை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு முடிவில் அவர் என் தோளில் கை வைக்கிறார். "பரவாயில்ல சார், பாப்பா பொழைச்சுக்கிட்டா, அது போதும்" என்கிறார். கண்ணில் நீர். இந்த முடிவை எழுதிவிட்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். பிறகு யோசித்தேன்: மன்னிப்பை அவர் கையில் நானே திணித்து, அதை நானே வாங்கிக்கொள்கிறேன். இதுவும் ஒரு களவு.

இன்னொன்றில் ஓங்கி அறைகிறார். இது எனக்கு இன்னும் பிடித்திருந்தது. அறை வாங்கினால் விஷயம் தீர்ந்தது மாதிரி ஆகிவிடும், பாருங்கள்.

மூன்றாவதில் நாங்கள் வீடு மாற்றிக்கொண்டு போய்விடுகிறோம். அதில் சாமான் ஏற்றுகிற வண்டியை மிக நுணுக்கமாக வர்ணித்திருந்தேன். எந்தெந்தப் பெட்டி எங்கே என்பதுவரை.

(பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு எழுதிய பாடங்களில் எதிராளி எப்போதும் வெளியே இருந்தான். பொது இடத்தில் நேர்மையாக இருக்க ஒரு எதிராளி போதும். அவனைப் பார்த்து நிமிர்ந்து நின்றுவிடலாம். வீட்டுக்குள் எதிராளி இல்லை. அக்கா இருக்கிறாள், மகள் இருக்கிறாள். அவர்களைச் சாக்கு வைத்து நான் செய்தது எல்லாம் எனக்குப் பாசம் மாதிரியேதான் தெரிந்தது. இதை ஆறாம் வகுப்புக்கு எப்படி)

வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கீழே கதவு திறக்கிறது.

ஒன்றுமில்லை. குப்பை வைக்க வந்திருக்கிறார்.

9

திங்கட்கிழமை. காலை ஏழு நாற்பதுக்கு இறங்கினேன். நேற்று எழுதிய பக்கங்கள் கையில். வாயால் சொல்ல முடியாவிட்டால் தாள்களைக் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. எழுத்தாளன் புத்தி!

அவர் பின்பக்கக் குழாயடியில் மகளின் மாற்றுப் பள்ளிச் சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தார். அவள் அன்றைக்குத்தான் மறுபடி பள்ளிக்கூடம் போகப் போகிறாள். அவள் உள்ளே எதையோ தேடிக்கொண்டு தனக்குத்தானே பேசும் குரல் கேட்டது.

"வாங்க சார். என்ன இவ்வளவு காலையில?"

தாள்களை நீட்டினேன். "இதப் படிச்சுப் பாக்கணும் நீங்க."

"கதையா?" சிரித்தார். "கையெல்லாம் சோப்பு சார். நீங்களே சொல்லிடுங்களேன்."

என் கை நீட்டியபடியே நின்றது. அவர் துணியைப் பிழிந்துகொண்டே என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"அன்னிக்கு நீங்க மாடிப்படியில கேட்டீங்க," என்றேன். "எனக்கு அப்பவே தெரியும்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமையிலருந்து. அக்கா வந்து சொன்னா. தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க கேட்டீங்க, நான் பொய் சொன்னேன்."

இவ்வளவுதான் சொன்னேன். ஒரு மாதம் முழுக்க நெஞ்சில் கிடந்தது வெளியே வந்தபோது ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

அவர் குழாயை மூடினார். சட்டையை உதறிக் கொடியில் போட்டார். காலர் மடங்கியிருந்தது, அதை விரித்துவிட்டார். கிளிப் மாட்டினார். பிறகு பாவாடை. இரண்டு கிளிப். ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். நான் நீட்டிய தாள்களைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

"சந்தேகம் இருந்துச்சு சார்," என்றார், கொடியைப் பார்த்தபடியே. "ஆஸ்பத்திரியில தினம் வந்து உக்காந்தீங்கல்ல. இந்த மனுசனப் போய்ச் சந்தேகப்படறோமேன்னு என்னையே திட்டிக்கிட்டேன்."

உள்ளிருந்து, "அப்பா, என் இன்னொரு சாக்ஸ் எங்க?" என்று குரல்.

"கட்டிலுக்கு அடியில பாரும்மா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையைப் பார்த்துக்கொண்டே, சத்தம் போடாமல், சொன்னார்:

"நான் அவகிட்ட ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். அப்பா இல்லாத நேரத்துல ஏதாவது தெரியணும்னா மேல் வீட்டு மாமாவக் கேளு, அவர் சொன்னா சரியா இருக்கும்னு. அம்மா இல்லாத புள்ளைக்கு அப்படி ஒரு இடம் வேணும்னு சொன்னேன். இனிமே அவகிட்ட என்ன சொல்றது? எனக்குச் சொல்ல வரல. நீங்க எழுதறவரு. நீங்களே எழுதிக் குடுங்க. நான் படிச்சுக் காட்டறேன்."

கதவைச் சாத்தவில்லை. உள்ளே போனார், சாக்ஸ் தேட.

10

அன்று பதினொரு மணிக்கு அக்கா விசாரணைக் குழுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மேலதிகாரியையும் அவளையும் ஒரே உத்தரவில் இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். அவர் பெயர் முதல் வரியில், அவள் பெயர் இரண்டாவது வரியில். வீட்டில் இருக்கிறாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "சாப்பிட்டேன்," என்றாள்.

நாலு மணிக்கு வாயாடி மேலே வருவதில்லை. எதிர்வீட்டு அம்மாவிடம் போகிறாள். ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். ஏன் வரவில்லை என்று என் மகள் கேட்டாள். அவளிடமும் சொன்னேன். அவள் எழுந்து தன் அறைக்குப் போய், மேசையில் வாயாடி விட்டுப்போயிருந்த பென்சில்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கீழே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

தெருவுக்குத் தெரிந்துவிட்டதா என்று தெரியவில்லை. ஓட்டுநர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. பால்கடைக்காரர் இன்று மிச்சச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்தார். அவர் எப்போதும் அப்படித்தானோ என்னவோ.

இன்று வியாழக்கிழமை. மூன்று நாளாக எழுதுகிறேன். ஓட்டுநர் படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுகிறார், கேட்பதில்லை. ஆனால் வெறும் கையோடு நான் இறங்குவதைப் பார்க்கிறார்.

எழுத வேண்டியது நாலைந்து வரி. ஏழு வயதுக்குப் புரிய வேண்டும். பொய் இருக்கக்கூடாது. மேல் வீட்டு மாமா நல்லவர் என்று அவளை ஏமாற்றவும் கூடாது, இனி யாரையும் நம்பாதே என்று அவளைப் பயமுறுத்தவும் கூடாது. பயப்பட வேண்டியது அவள் இல்லை.

"பாப்பா, பெரியவங்களும் சில சமயம்" என்று ஒரு தாள். சில சமயம் என்ற சொல்லில் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன். கசக்கிப் போட்டேன்.

"பாப்பா, மாமாவுக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு, அதனால" என்று இன்னொன்று. அதனால என்று எழுதியதும் அது சாக்காகிவிட்டது.

அக்காவைக் கேட்டேன், தெரியாது என்றாள். மனைவி, "அது உங்களுக்கு வந்த வேலை," என்றாள். ஆகவே இதுவரை வாசித்த உங்களிடம் கேட்கிறேன். இந்தக் கதைக்கு முடிவு கேட்கவில்லை. முடிவு கீழ் வீட்டில் இருக்கிறது. அது அவர்களுடையது, அதைத் தொட எனக்கு உரிமை இல்லை. எனக்கு வேண்டியது அந்த நாலைந்து வரிதான். உங்கள் வீட்டில் ஏழு வயதில் யாராவது இருந்தால் அவர்கள் முகத்தைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குரல் எந்தச் சொல்லில் தடுக்குகிறதோ அதை அடித்துவிடுங்கள்.

நானும் இன்னொரு தாளை எடுத்திருக்கிறேன்.

பாப்பா, உங்க அப்பா என்கிட்ட ஒண்ணு கேட்டாரு. நான்